குளிர்ந்த நெற்றி

விசில் வருவதற்கு முன்னால் குக்கர் மெலிதாக ஓர் இழுப்பு இழுக்குமே, அந்த மாதிரிச் சத்தம். ஆனால் அடுப்பில் குக்கர் இல்லை. அடுப்பை அணைத்து மூன்று மணி நேரம் ஆகிறது, சிலிண்டரையும் மூடியாயிற்று, இருந்தாலும் எழுந்து போய் ஒருமுறை திருகிப் பார்த்துவிட்டு வந்தேன். பதினொன்று இருபது. விடுதிப் பக்கம் கடைசி விளக்கும் அணைந்துவிட்டது. வராந்தாவில் தண்ணீர் கூலர் மட்டும் உறுமிக்கொண்டு நிற்கிறது. அது உறுமல், இது இழுப்பு, இரண்டையும் குழப்பிக்கொள்ள முடியாது. நூல் மாதிரி வருகிறது, அறுகிறது, மறுபடி வருகிறது. குழாயில் காற்று அடைத்துக்கொண்டால் இப்படிக் கத்தும் என்று குளியலறைக் குழாய், சமையலறைக் குழாய் இரண்டையும் இறுக்கினேன். ஜன்னல் இடுக்கில் காற்று என்றால் வெளியே ஒரு வேப்பிலையாவது அசைய வேண்டுமே, அசையவில்லை. ஃபேனை நிறுத்தினேன், போட்டேன். ஒவ்வொன்றாக இதுவும் இல்லை, இதுவும் இல்லை என்று கழிந்துகொண்டே வர, எதை நினைக்கக் கூடாது என்று முதலிலிருந்தே தள்ளி வைத்திருந்தேனோ அது மட்டும் மிச்சம் நின்றது. பூவுவின் நெஞ்சு. படுக்கையறையில் இவர் சுவர்ப் பக்கம் திரும்பிக் கிடந்தார், அவர் முதுகுக்குப் பின்னால் பூவிழி, பத்து மாதம், முழங்காலை மடித்துப் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு குப்புறத் தூங்கினாள். சாயங்காலத்திலிருந்து நான் முகக்கவசத்தைக் கழற்றவில்லை. அதோடு ஒரு முழம் தள்ளிக் குனிந்து காதைக் கொடுத்தேன். கேட்டது. இவரை எழுப்பக் கை நீட்டினேன், நீட்டிய கை பாதியில் நின்றுவிட்டது, எழுப்பினால் அது உண்மையாகிவிடும், எழுப்பாதவரை அது ஒரு சத்தம்தான்.

டாக்டர் நம்பரை எடுக்கலாம் என்று ஆபீஸ் அறைக்கு வந்து உட்கார்ந்திருக்கிறேன். ஆபீஸ் அறை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, டெபுடி வார்டன் குடியிருப்பில் ஒரு மேஜை, ஒரு பெஞ்சு, இரண்டு கதவு. ஒரு கதவு விடுதி வராந்தாவுக்கு, ஒரு கதவு எங்கள் வீட்டுக்கு. வீட்டுப் பக்கக் கதவை நாங்கள் தாழ் போடுவதே இல்லை. பூவு தவழ ஆரம்பித்ததிலிருந்து அவளுக்குத் தெரிந்த ஒரே வழி அது, கதவு வரைக்கும் வருவாள், தலையால் ஒரு முட்டு முட்டுவாள், கதவு திறக்கும், நான் இருப்பேன். அதில் அவளுக்கு ஒரு பெருமை. முப்பத்திரண்டாவது வாரத்தில் பிறந்தவள், ஒன்று நானூறு எடை, பத்தொன்பது நாள் கண்ணாடிப் பெட்டி. முதல் ஒன்பது நாள் என்னைத் தொடவே விடவில்லை, பெட்டிக்கு வெளியே உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்பேன், உள்ளே அவள் கை என் கட்டை விரல் நகத்தளவு. பால் எடுத்து நர்சிடம் கொடுத்தால் அவர்கள் பாலாடையில் ஊற்றி ஊற்றி விடுவார்கள், ஐந்து மில்லி, பத்து மில்லி, நான் பெற்ற பிள்ளைக்கு என் பால் யாரோ ஒருத்தி கையால். வீட்டுக்கு அனுப்பும்போது அந்த டாக்டர் சொன்னார், "ஒரு வருஷம், ஒரே ஒரு வருஷம், சளி பிடிச்சவங்க யாரையும் கிட்ட அண்டவிடாதீங்கம்மா. அப்புறம் அவளே பாத்துக்குவா." ஒரு வருஷத்துக்கு இரண்டு மாதம் பாக்கி. ஃப்ளூ ஊசி முதல் தடவை போட்டாயிற்று, இரண்டாவதுக்கு இன்னும் பன்னிரண்டு நாள். எனக்கு வியாழக்கிழமை, பணியாளர்களுக்கான முகாம், இன்று திங்கள். அப்படிப்பட்ட பிள்ளையைத்தான் இருநூற்றுப் பன்னிரண்டு பெண்களுடைய இருமலுக்கு நடுவில் கொண்டுவந்து வைத்திருக்கிறேன். சத்தம் இங்கேயும் கேட்கிறது. இத்தனை தூரத்துக்குமா கேட்கும். பயந்தவள் காதுக்கு ஊரே இழுக்கும் போல.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு பையனுக்கு நூலகத்தில் தும்மல் என்று ஆரம்பித்தது, எட்டு நாளில் நாற்பது பேர். காய்ச்சல் தடுப்புக் குழு போட்டார்கள், தாவரவியல் துறையிலிருந்து இவர் அதில் ஓர் உறுப்பினர். செடிக்கு நோய் வந்தால் என்ன செய்வது என்று தெரிந்தவருக்கு மனுஷனுக்கு வந்தால் தெரியாதா என்று யாரோ நினைத்திருக்க வேண்டும். இவர் உண்மையாகவே உழைத்தார். முழங்கை மடிப்பில் இரும வேண்டும் என்று படம் போட்டு நூறு இடத்தில் ஒட்டினார், மறுநாளே பையன்கள் அந்தப் படத்துக்கு மீசை வைத்துவிட்டார்கள். புறாவுக்குப் பயந்து ஆணியடித்து வைத்திருந்த நூலக ஜன்னல்களைத் திறக்க வைத்தார், காற்றும் வந்தது, புறாவும் வந்தது. வகுப்பில் ஒரு பெஞ்சு விட்டு ஒரு பெஞ்சு. மெஸ்ஸில் கை கழுவும் இடத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்ட சோப்பு. என் பங்குக்கு நான் எழுதிக்கொடுத்தது சாயங்கால வருகைப் பதிவு. ஏழு மணிக்கு எல்லாரும் வராந்தாவில் வரிசையில் நிற்க வேண்டும், நெற்றிக்கு நேரே துப்பாக்கி மாதிரி அந்தக் கருவியைப் பிடிப்பேன், நூறுக்கு மேல் என்றால் பழைய கெஸ்ட் ஹவுஸ். ஐந்து நாள் தனி அறை, தனித் தட்டு, நர்ஸ் ஒருவர். அந்த ஐந்து நாளில் பரீட்சை வந்தால் போனது போனதுதான். பெண்கள் அதற்கு மாமியார் வீடு என்று பெயர் வைத்தார்கள். "ஏட்டி, இருமாத, மாமியார் வீட்டுக்கு அனுப்பிருவாவ." இன்னொரு விதியும் எழுதினேன், யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் அன்றைக்கே அவள் வீட்டுக்குப் போன் செய்ய வேண்டும். நானும் ஒரு தாய், என் பிள்ளைக்கு ஒன்றென்றால் எனக்குத் தெரிய வேண்டாமா என்றுதான் எழுதினேன். போன் போன வீடுகளிலிருந்து அப்பாக்கள் வண்டி பிடித்து வந்தார்கள். கூட்டிப்போன ஆறு பேரில் இரண்டு பேர் பெட்டியையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போனார்கள். படித்தது போதும் என்று சொல்ல எத்தனையோ வீட்டில் ஒரு சாக்குக்காகக் காத்திருக்கிறார்கள், அந்தச் சாக்கை நான் விதியாக எழுதி, கையெழுத்துப் போட்டு, வீடு வீடாக அனுப்பிக்கொண்டிருந்தது எனக்கே அப்புறம்தான் உறைத்தது.

பிரம்மசக்தியின் அப்பா லாரி ஓட்டுகிறவர், உடன்குடிப் பக்கம். அவள் முதலாண்டு எம்.எஸ்ஸி. இயற்பியல். கூட்டத்தில் குரலே வெளியே வராது, ஆனால் பூவுவைக் கண்டால் மட்டும் வாய் ஓயாது. தினமும் பதிவு முடிந்ததும் வந்து, நான் பதிவேட்டை எழுதி முடிக்கும் இருபது நிமிஷம் பூவுவை இடுப்பில் வைத்துக்கொண்டு வராந்தாவில் நடப்பாள். "என்ன மேடம், இன்னைக்கு எத்தன பேரக் கடிச்சீய." பூவு அவள் மூக்குத்தியைப் பிடுங்கப் பார்க்கும். இன்று சாயங்காலம் வரிசையில் அவள் நெற்றிக்கு நேரே பிடித்தபோது தொண்ணூற்றெட்டு காட்டியது. சரி என்று அடுத்தவளுக்குப் போனேன். பின்னால் பொத்தென்று ஒரு சத்தம். கூலர் பக்கம் விழுந்து கிடந்தாள். தூக்கினால் கழுத்து கொதிக்கிறது, நெற்றி மட்டும் கிணற்றடிக் கல் மாதிரி சில்லென்று. அப்போதுதான் பார்த்தேன், கூலரின் அந்த ஸ்டீல் பக்கவாட்டில், ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் கீழே, வரிசையாக வட்டம் வட்டமாகத் தடம். எண்ணெய், பவுடர், விபூதி, ஒன்றில் ஒட்டியிருந்த சாந்துப்பொட்டு. மூன்று நாளாகப் பார்க்கிறேன் அந்தத் தடங்களை. பிள்ளைகள் சாய்ந்து நிற்கிறார்கள் என்று நினைத்து, தடுப்புக் குழுவின் துப்புரவு உற்சாகத்தில், நானே துணி போட்டுத் துடைத்தும் இருக்கிறேன். கருவியை அவள் அக்குளுக்குப் பிடித்தபோது நூற்றிமூன்று. "எத்தன நாளா இருக்கு" என்றேன். "சனிக்கிழமைலருந்து மேம்." "ஏன் சொல்லல." "அப்பா கூட்டிட்டுப் போயிருவாவ. ஒரு மாப்பிள்ள வந்திருக்கு. சாக்குத்தான் தேடுதாவ." பிறகு கெஸ்ட் ஹவுஸுக்குத் தூக்கிப்போகும்போது கண்ணை மூடிக்கொண்டே, குற்றம் சொல்கிற குரலில் இல்லை, நன்றி சொல்கிற குரலில், அதுதான் இன்னும் என் நெஞ்சில் குத்திக்கொண்டு நிற்கிறது, "நீங்க சொன்ன மாதிரிதான் மேம் செஞ்சேன். சரியா வேல செஞ்சிச்சு."

நான் சொன்னது போன வியாழக்கிழமை. அன்றைக்கு ஒரே நாளில் நான்கு பேரை அனுப்பியிருந்தேன், மெஸ்ஸில் எல்லார் தட்டிலும் ரசம் ஆறிக்கொண்டிருந்தது. முப்பது பெண்கள் பயந்துபோய் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க முடியாமல் ஒரு கதை சொன்னேன். நான் கான்வென்ட் போர்டிங்கில் படித்த கதை. ஒன்பது வயசு. மாசத்தின் கடைசி ஞாயிறு பெற்றோர் வருகிற நாள், ஆனால் சிக் ரூமில் இருக்கிற பிள்ளையை யாரும் பார்க்க முடியாது. ஞாயிறு காலை சிஸ்டர் பெனடிக்டா கட்டில் கட்டிலாக வந்து புறங்கையால் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார். எனக்கு முந்தின ராத்திரியே உடம்பு காய்கிறது. என்ன செய்தேன், விடிவதற்கு முன்னால் எழுந்து போய்ப் பின்கட்டில் இருக்கிற கல்தொட்டியின் வெளிப்பக்கத்தில் நெற்றியை ஒட்ட வைத்துக்கொண்டு நூறு வரை எண்ணினேன், இங்கிலீஷில் எண்ணினேன், ஏனென்றால் தமிழில் எண்ணினால் அபராதம். பெண்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். ஓடி வந்து கட்டிலில் படுத்தேன், சிஸ்டர் வந்தார், புறங்கையை வைத்தார், "பாரு இந்தப் பிள்ளையை, தவளை மாதிரி சில்லுனு இருக்கு, காட் பிளெஸ் யூ" என்றார். மெஸ்ஸே சிரித்தது. "மேம், நீங்க இவ்வளவு பெரிய ஃபிராடா" என்று ஒருத்தி. "ஏட்டி, வார்டனப் பாத்துப் படிங்கட்டி" என்று ஒருத்தி. பிரம்மசக்தி கடைசி பெஞ்சில், சிரிக்காமல், கதையின் இந்த இடத்தில் அப்படியே நிமிர்ந்து என்னைப் பார்த்தாள், தொட்டி எவ்வளவு குளிர்ச்சி, எத்தனை எண்ணிக்கை என்று கணக்குப் போடுகிறவள் போல. அதை நான் ரசனை என்று எடுத்துக்கொண்டேன். எல்லாரும் இன்னொரு கரண்டி சோறு வாங்கிச் சாப்பிட்டார்கள், நான் நல்ல வார்டன் என்று எனக்கே தோன்றியது.

அந்தக் கதையை நான் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன், கல்லூரியில், கல்யாணத்துக்குப் பிறகு இவரிடம், இவர் அக்கா வீட்டில். எப்போதும் தவளையோடு நிறுத்திவிடுவேன். தவளைக்கு அப்புறம் என்ன என்று ஒருவரும் கேட்டதில்லை, சிரிப்பு வந்துவிட்டால் கதை முடிந்துவிட்டது என்று எல்லாரும் நம்பிவிடுகிறார்கள். தவளைக்கு அப்புறம் அம்மா வந்தாள். இடுப்பில் தம்பி, நாயகம், இரண்டு வயசு, கையில் சீடை டப்பா. பார்லர் என்கிற பார்வையாளர் அறைப் பெஞ்சில் உட்கார்ந்து மூன்று மணி நேரம் தம்பியை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். என் வாயிலிருந்த சீடையை அவன் பிடுங்கித் தின்றான். அவன் கன்னத்தில் கன்னத்தை வைத்துக்கொண்டால் எனக்குக் குளிர்ச்சியாக இருந்தது, அதனால் வைத்துக்கொண்டேயிருந்தேன். செவ்வாய்க்கிழமை எனக்கு உடம்பெல்லாம் மணல்வாரி அம்மை. இரண்டு வாரம் கழித்து அவனுக்கு. எனக்கு வந்து போய்விட்டது, அவனுக்கு வந்து போகும்போது ஒரு காதை எடுத்துக்கொண்டு போனது. இடது காது. அம்மா, கோயில் கொடைத் திருவிழாக் கூட்டத்தில் பிள்ளையைக் கொண்டுபோனது என் தப்பு என்று சொல்லிச் சொல்லி அழுதாள், இன்றைக்கும் அப்படித்தான் சொல்கிறாள், கொடைக்கு அவள் போனதே அரை மணி நேரம். நான் வாய் திறக்கவில்லை. இப்போது அவன் இருபத்துமூன்று வயசு ஆள், பேசினால் முகத்தை இந்தப் பக்கம் ஒரு சாய்ப்புச் சாய்ப்பான், பார்க்கிறவர்கள் அதை ஸ்டைல் என்று நினைக்கிறார்கள். கிறிஸ்தவப் பிள்ளைகள் சனிக்கிழமை சாயங்காலம் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நிற்பார்கள். மரத்தட்டிக்கு அந்தப் பக்கம் சாமியார் இருப்பார், முகம் தெரியாது, சொன்னால் போய்விடும். ஒரு சனிக்கிழமை நானும் அந்த வரிசையில் போய் நின்றேன். சிஸ்டர் பெனடிக்டா என் தோளைப் பிடித்து, கோபமே இல்லாமல், வெளியே எடுத்தார். "உனக்கு இது இல்லம்மா. நீ உங்க சாமிகிட்ட சொல்லிக்கோ." எங்கள் சாமிக்கு மரத்தட்டி எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் அந்தப் பாதியை அப்படியே வைத்துக்கொண்டேன், இருபது வருஷமாக, முன்பாதியைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லிக்கொண்டு.

இழுக்கிறது. இப்போது இன்னும் கொஞ்சம் கூர்மையாக. சனி, ஞாயிறு, இன்று. சனிக்கிழமையிலிருந்து காய்ச்சல் என்றால் சனிக்கிழமை சாயங்காலம் பூவுவை எடுத்தாளா, எடுத்திருப்பாள், தினமும் எடுக்கிறவள்தானே. மூக்குத்தியைப் பிடுங்கியிருக்கும், முகத்துக்கு முகம், மூச்சுக்கு மூச்சு. இல்லை, இரு, நிதானமாக. சனிக்கிழமை நான் பதிவேடு எழுதும்போது பூவு எங்கே இருந்தாள். இதே மேஜைக்கு அடியில். பஞ்ச் மெஷினை உருட்டிக்கொண்டு. அதை வாயில் வைக்காதே என்று நான் குனிந்து குனிந்து பிடுங்கிக்கொண்டிருந்தேனே. அப்படியானால் எடுக்கவில்லை. ஏன் எடுக்கவில்லை. வராந்தாக் கதவுக்கு வெளியிலேயே நின்றாள், படி ஏறவில்லை. இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள், கை நிறைய மருதாணி, ஈரமாக, அப்போதுதான் அப்பியது. "இன்னைக்கு வேண்டாம் மேம், கைய வச்சா பிள்ள சட்டையெல்லாம் செவந்துரும்." ஞாயிற்றுக்கிழமையும் மருதாணி. சிவந்த கைமேல் மறுபடி எவளாவது மருதாணி வைப்பாளா. நான் கேட்கவும் செய்தேன், கல்யாணப் பெண் மாதிரி ரெண்டு நாளா என்ன அலங்காரம் என்று, அவள் இரண்டு எட்டு பின்னால் நகர்ந்துகொண்டாள். வாசலில் நின்றபடி பூவுவைப் பார்த்துக் கையை ஆட்டினாள், பூவு தவழ்ந்து படிவரை போய் அழுதாள். அட பாவிப் பெண்ணே. நெற்றியைக் குளிரவைக்க என்னிடம் கற்றுக்கொண்டாய், கையைக் கட்டிப்போட உனக்கு யார் சொல்லிக்கொடுத்தது. ஒன்பது வயசில் எனக்குத் தோன்றாதது உனக்குத் தோன்றியிருக்கிறது. வார்டனை ஏமாற்றினாய், வரிசையை ஏமாற்றினாய், உன் அறையில் இரண்டு பேருக்கு இந்நேரம் ஒட்டியிருக்கும், ஆனால் என் பிள்ளையைத் தொடவில்லை.

தொடவில்லை என்றால் பூவுவுக்கு எப்படி இந்த இழுப்பு. வாய் வறண்டு போயிற்று, தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனேன். சத்தம் சமையலறைக்கும் வந்தது. தண்ணீர் விழுங்கும்போது நின்றது, விழுங்கி முடித்ததும் வந்தது. அங்கே எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை, நன்றாக இருந்தது, எது நன்றாக இருந்தது என்று யோசித்தபோதுதான் தெரிந்தது, என் நெற்றி ஃப்ரிட்ஜின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டிருந்தது. மனசுக்குள் எண்ணிக்கொண்டும் இருந்திருக்கிறேன், இங்கிலீஷில், ஃபார்ட்டி டூ, ஃபார்ட்டி த்ரீ. விலகிப் பார்த்தேன். தகரத்தில் ஒரு வட்டம், நடுவில் என் பொட்டின் மை. அப்போதுதான் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஞாபகம் வந்தது. பதிவு முடிந்து ஒரு மணி நேரம் கழித்து வராந்தா முனையில் பிரம்மசக்தி போனில் பேசிக்கொண்டே அழுதுகொண்டிருந்தாள், வீட்டிலிருந்து வந்த போன். போனை வைத்ததும் நான்தான் அவளிடம் போனேன், அவள் வேண்டாம் மேம், வேண்டாம் மேம் என்று கையால் தடுத்தாள், அழுகிற பிள்ளை வெட்கப்படுகிறது என்று நினைத்து இழுத்து என் தோளில் சாய்த்துக்கொண்டேன். எவ்வளவு நேரம் அழுதாள், என் கழுத்தெல்லாம் ஈரம். அவள் முகத்தை என் முந்தானையால் துடைத்து, அதே முந்தானையால் என் கண்ணையும் துடைத்துக்கொண்டேன். இப்போது கருவியை எடுத்து என் நெற்றிக்குப் பிடித்தேன், தொண்ணூற்றெட்டு, சந்தோஷம் வந்தது, உடனே அந்தச் சந்தோஷத்தின் முகத்தைப் பார்த்தேன், பழகிய முகம். பூவுவுக்கு வாங்கி வைத்திருந்த சின்ன தெர்மாமீட்டரை அலமாரியிலிருந்து எடுத்து அக்குளில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தேன். பீப் சத்தம் கேட்கவேண்டுமே என்று மூச்சைப் பிடித்துக்கொண்டேன். மூச்சைப் பிடித்ததும் வீடு அமைதியானது. கூலர் உறுமியது, பல்லி ஒன்று சொன்னது, இழுப்பு இல்லை. மூச்சை விட்டேன், இழுத்தது. பிடித்தேன், இல்லை. படுக்கையறையில் பூவு மேல் குனிந்தபோது நான் கேட்டது என் நெஞ்சைத்தான். நூற்றியொன்று புள்ளி நான்கு.

முதலில் வந்தது, வெட்கமாக இருக்கிறது சொல்ல, நிம்மதி. அவளுக்கில்லை, எனக்குத்தான். அதன் பின்னாலேயே மற்றது. இன்று காலையில் அவளுக்கு நெற்றியில் எத்தனை முத்தம். மத்தியானம் பருப்பு சாதத்தை ஊதி ஊதி ஊட்டினேன், என் மூச்சால் ஊதி. சாயங்காலம் வரை முகக்கவசம் கிடையாது. ஒட்டியிருக்குமா ஒட்டியிருக்காதா என்று இன்றைக்குத் தெரியாது, நாளைக்கும் தெரியாது, மூன்று நாள் நான்கு நாள் அவள் நெஞ்சுக்குக் காது கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும், அதுவும் என் காதை அல்ல. பல்கலைக்கழக மருத்துவமனை டாக்டரம்மா போன வாரம் கூட்டத்தில் சொன்னாள், "பால் வழியா போகாது, மூச்சு வழியாத்தான். எடுத்து வச்சிட்டு வேற ஆள் குடுக்கட்டும்." அதைக் குறிப்பேட்டில் எழுதியதே நான்தான், வேறு யாரோ ஒரு தாய்க்காக. கையை முழங்கை வரை கழுவினேன், அந்தப் பத்தொன்பது நாளில் கற்ற கழுவல். பால் எடுத்து மூடிவைத்தேன். பாலாடை அலமாரியின் மேல்தட்டில், பஞ்சில் சுற்றி, இனிமேல் தேவைப்படாது என்று ஞாபகத்துக்காக வைத்தது. அதையும் வெந்நீரில் போட்டு எடுத்து, பால் கிண்ணத்தோடு ஹாலில் ஸ்டூல் மேல் வைத்துவிட்டு, ஆபீஸ் அறைக்குள் வந்து, கதவை ஒரு விரற்கடை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு கூப்பிட்டேன். என்னங்க. மூன்றாவது தடவையில் எழுந்து வந்தார். "என்ன கோமு, பிள்ளைக்கா." "பிள்ளைக்கு இல்ல. எனக்கு. அங்கயே நில்லுங்க." எவ்வளவு என்றார், சொன்னேன். "மாத்திரை போட்டுட்டு வந்து படு, காலைல பாத்துக்கலாம்." "அஞ்சு நாள் தனி அறைன்னு நாமதான எழுதினோம்." "அதெல்லாம் மத்தவங்களுக்கு எழுதினது கோமு" என்றார். அவருக்கே அது கேட்டிருக்க வேண்டும், பெருமூச்சு விட்டுத் தரையில் உட்கார்ந்த சத்தம் வந்தது. இடுக்கில் அவர் பனியன் ஒரு வெள்ளைக் கோடாகத் தெரிந்தது, முகம் தெரியவில்லை. முகம் தெரியாததால்தான் வந்தது போல. "தம்பிக்குக் காது போனது என்னாலதான்" என்றேன். "எந்தத் தம்பிக்கு." "எனக்கு இருக்கிறது ஒரே தம்பி." தவளைக்கு அப்புறம் இருந்ததை முழுக்கச் சொன்னேன், சீடை, மடி, கன்னம், கொடை, அம்மா. இருமல் வந்தபோதெல்லாம் முழங்கையில் இருமிக்கொண்டு சொன்னேன். மன்னிச்சாச்சு என்று யாரும் சொல்லவில்லை. "ஒன்பது வயசு" என்று மட்டும் சொன்னார். இப்போது முப்பது, இப்போதும் பாதிக் கதைதான் சொன்னேன், அதைக் கேட்டுத்தான் அந்தப் பெண் மூன்று நாள் கொதித்துக்கொண்டு நின்றாள் என்றேன். "அவ வீட்டுக்கு இன்னும் போன் பண்ணல, காலைல அவ அப்பாவுக்கு நீங்க பேசுங்க. பொண்ணு மறைச்சான்னு சொல்லாதீங்க. வார்டன் சொல்லிக்கொடுத்துதான் செஞ்சான்னு சொல்லுங்க, கோபப்பட வேண்டியது என்மேலன்னு சொல்லுங்க. வீட்டுக்குப் போன் பண்ணணும்கிற விதிய நான் எடுத்திருதேன். பரீட்சை போனா திரும்ப எழுதலாம்னு உங்க குழு ஒரு வரி எழுதட்டும், அப்புறம் ஒருத்தியும் கூலர்கிட்ட போகமாட்டா." சரி என்றார். "பாலாடை ஸ்டூல் மேல இருக்கு. தலைய உசத்திப் பிடிச்சுக் குடுங்க, கடைவாய்ல விடணும், அவசரப்படுத்தக் கூடாது." "தெரியும்" என்றார். அவருக்குத் தெரியாது. அந்த நாட்களில் அவர் மருந்துக் கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஓடிக்கொண்டிருந்தார்.

எங்கள் பேச்சில் பூவு விழித்துவிட்டாள். மெத்தை தரையில்தான் கிடக்கிறது, அவள் இறங்க வேண்டியதில்லை, வர வேண்டியதுதான். உள்ளங்கை தரையில் பட்டுப் பட்டு வருகிற அந்தச் சத்தம், தப், தப், நடுவில் நின்று இவர் முழங்காலைப் பார்த்திருப்பாள், மறுபடி தப், தப். "அம்மா அங்க இல்லடா, இங்க வா" என்று இவர் சொல்வது கேட்டது, என்ன பொய் அது, அவளுக்குத் தெரியாதா. கதவைச் சாத்தினேன். தாழ்ப்பாள் பெயின்ட் அடித்து இறுகிக் கிடந்தது, இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து யாரும் தொடாதது, கை நழுவியது. இவர் அவளைத் தூக்கியிருக்கலாம். தூக்கவில்லை. ஒரு தடவை கதவு வரை வந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தாரோ என்னவோ. அவளுடைய தலை கதவில் வந்து இடித்தது, மெத்தென்று, கதவு ஒரு விரல் அசைந்து என் பாதத்தில் பட்டு நின்றது. அந்த உயரத்துக்குக் குனிந்து உள்ளங்கையை மரத்தில் வைத்தேன். மரம் கண்ணாடி இல்லை, ஒன்றும் தெரியவில்லை. ம், ம், என்று அவளுடைய முயற்சிக் குரல் மட்டும். மேஜையடியிலிருந்து பஞ்ச் மெஷினை எடுத்து, அதன் ஓரத்தில் அவளுடைய இரண்டு பல் தடத்தைப் பார்க்காமல், தாழ்ப்பாளின் தலையில் ஒரு தட்டு, இன்னொரு தட்டு. பெயின்ட் உதிர்ந்து என் கால்மேல் விழுந்தது. மூன்றாவது தட்டில் தாழ் உள்ளே போய் உட்கார்ந்தது. அவள் மறுபடி முட்டினாள். கதவு இந்த முறை அசையவில்லை.